பதில் பெட்டியை யாரும் திறக்கவில்லை: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதில் நடந்தது

பின்னணி

எங்கள் மையத்தில் 25 வயது ஆன பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கான முதல் அழைப்பு போகும். எந்த வயதில் தொடங்குவது என்பது இடத்துக்கு இடம் மாறுகிற விஷயம். அமெரிக்காவில் 21, இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 25, உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்வது 30, எச்ஐவி உள்ள பெண்களுக்கு மட்டும் 25. அந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாருக்குக் கடிதம் போயிற்று, யார் வந்தார்கள், யாருக்கு மறுபடி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் என் கணினியில்தான் இருக்கும்.

பட்டியலில் கீழே, அதாவது வராதவர்கள் பக்கத்தில், நிறைந்து கிடந்தது 30 வயதைத் தாண்டாதவர்கள். எங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை இது. இங்கிலாந்தில் பல வருடமாகவே 25 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களின் வருகை 50 வயதைத் தாண்டியவர்களைவிடக் குறைவு. காரணமும் யோசித்தால் புரியாதது இல்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத 26 வயதுப் பெண்ணை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இடுப்புக்குக் கீழே உடையைக் கழற்றிப் படுக்கச் சொல்கிறோம். அதுவும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. அந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா, செல்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்ற பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் இந்தப் பரிசோதனையின் பலம், ஆனால் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வைப்பதும் அதுவேதான்.

கடிதம் மட்டும் போய்க்கொண்டிருந்த காலத்தில், இளம் வயதுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், கையில் எப்போதும் போன் இருக்கிறது, ஒரு மெசேஜ் போட்டால் வந்துவிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். அது முழுக்கத் தப்பில்லை, பாதி தப்பு. அந்தப் பாதியைப் பற்றித்தான் இது. எங்கள் வருகைக் கணக்கை இங்கே போடவில்லை. சின்ன இடம், எண்களைப் போட்டால் ஆட்களை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் வருகிற ஒரு பெண்ணைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் செய்தி

கடிதம் போய் ஒரு மாதம் ஆகியும் வராதவர்களுக்குக் குறுஞ்செய்தி என்று முடிவு செய்தோம். வாசகத்தை நான்தான் எழுதினேன்: "கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. உடனே பதிவு செய்யவும்", அப்புறம் ஒரு லிங்க். யாருடைய பெயரும் இல்லை, மையத்தின் பெயர் கடைசியில் சுருக்கமாக.

அதை எழுதும்போது எனக்குத் தெரியாத ஒரு தொழில்நுட்பச் சங்கதி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் அனுப்பினால் 70 தான். அதிலும் நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிகிற "பை", "ரி" எல்லாம் இரண்டு இடம் பிடிக்கும், புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. "கர்ப்பப்பை வாய் பரிசோதனை" என்ற மூன்று சொல்லே 24 இடத்தைத் தின்றுவிடுகிறது. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும், துண்டுக்கு 67 வீதம், காசும் துண்டுக்குத் துண்டு. போனில் பெரும்பாலும் ஒட்டித்தான் காட்டும். ஆனால் திரை பூட்டியிருக்கும்போது மேலே தெரிவது முதல் சில சொற்கள் மட்டும்தான். எங்கள் செய்தியில் அந்த முதல் சில சொற்களுக்குள் "புற்றுநோய்" இருந்தது.

அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு அம்மா ரிசப்ஷனுக்குப் போன் செய்து அழுதார். மகள் குளித்துக்கொண்டிருந்தபோது மேசை மேல் இருந்த போனில் அந்த வரி வந்திருக்கிறது. மகளுக்குப் புற்றுநோய், தன்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டார். மகளைப் பற்றி அவரிடம் நாங்கள் எதுவுமே பேசக்கூடாது என்பதால் ரிசப்ஷனில் இருந்தவர் பட்ட பாடு தனி. மகள் அன்று சாயங்காலம் கூப்பிட்டு, தன் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

என்ன கவனித்தோம்

செய்தி போன இரண்டு நாளில் பதிவுகள் குபுகுபுவென்று வந்தன. போன் லைன் ஓயவில்லை. சரி, பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. வந்தவர்களிடம் நர்ஸ் சும்மா பேச்சுக்குக் கேட்டபோது பலரும் சொன்னது ஒன்றுதான்: "வரணும்னுதான் இருந்தேன், கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டேன்." அதாவது மெசேஜ் கூட்டிக்கொண்டு வந்தது ஏற்கனவே மனதுக்குள் முடிவு எடுத்திருந்தவர்களை. அது சின்ன விஷயம் இல்லை, அவர்களும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆனால் முடிவே எடுக்காதவர்கள் பக்கம் அசைவு இல்லை.

அடுத்து செய்தது எங்கள் பெரிய தவறு. இரண்டாவது செய்தியைக் கடுமையாக எழுதினோம். "கடைசி நினைவூட்டல்" என்று தொடங்கியது அது. உண்மையில் கடைசியும் இல்லை, அடுத்ததும் திட்டத்தில் இருந்தது. வந்தவர்கள் சொற்பம், இனி அனுப்பாதீர்கள் என்றவர்கள் அதைவிட அதிகம்.

இதற்கு நடுவில் ஒரு பெண் வேறு வேலையாகப் போன் செய்தவர், பேச்சோடு பேச்சாக, "நான் மெசேஜுக்குப் பதில் போட்டுக் கேட்டேனே, யாருமே ஒன்னும் சொல்லலையே" என்றார். எங்கள் செய்திக்குப் பதில் போட முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மென்பொருள்காரரைக் கேட்டால், ஆமாம், பதில்களுக்கு ஒரு தனிப் பெட்டி இருக்கிறது, உங்கள் கணக்கில் நுழைந்து இடது பக்கம் மூன்றாவதாக இருப்பதை அழுத்துங்கள் என்கிறார். அந்தக் கணக்கைத் திறந்த நாளிலிருந்து யாரும் அதை அழுத்தவே இல்லை.

பெட்டிக்குள்ளே இருந்தது

நானும் எங்கள் மூத்த நர்ஸும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தோம். "யாரு இது, என் நம்பர் எப்படிக் கிடைச்சது?" "இது ஃப்ராடு மெசேஜா? லிங்க் தொடலாமா?" இந்த வகைதான் அதிகம், வங்கியிலிருந்து வருவதாகச் சொல்லி வருகிற திருட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்களிடம் பெயரில்லாத லிங்கை அனுப்பினால் வேறென்ன கேட்பார்கள்? "லேடி டாக்டர் இருப்பாங்களா?" என்று ஒன்பது பேர் ஏறக்குறைய ஒரே வார்த்தையில் கேட்டிருந்தார்கள். மாதவிடாய் நாளில் வரலாமா என்று சிலர். குழந்தை பிறந்து ஆறு வாரம்தான் ஆகிறது என்று ஒருவர் (அவர் காத்திருக்கத்தான் வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு வழக்கமாக 12 வாரம் விடுவோம்). பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போட்டாயிற்று, எனக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. முதலில் வந்த தடுப்பூசிகள் முக்கியமாகக் குறிவைத்தது எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகையை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு அந்த இரண்டும்தான் காரணம், மீதிக்காகத்தான் பரிசோதனை தொடர்கிறது. இதைச் சொல்ல இரண்டு வரி போதும், ஆனால் சொல்ல ஆள் இல்லை. வேறு ஊரில் போன வருடமே செய்துகொண்டுவிட்டேன் என்று ஒருவர் இரண்டு தடவை எழுதியிருந்தார், நாங்கள் மூன்றாவது தடவையும் அவருக்கு அனுப்பியிருந்தோம்.

அப்புறம் ஒரே ஒரு வரி, எந்தக் கேள்வியும் இல்லாமல்: "எனக்கு ரொம்ப வலிக்கும்."

அதைப் படித்துவிட்டு நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாங்கள் அவருக்கு "கடைசி நினைவூட்டல்" அனுப்பியது அதற்குப் பிறகு.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதலில் பழைய பதில்கள் அத்தனைக்கும், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டோம். சிலருக்கு இது இன்னும் எரிச்சலைக் கிளப்பும் என்று தெரிந்தே செய்தோம்.

புதிய செய்தி நர்ஸின் பெயரோடு தொடங்கியது. லிங்கை எடுத்துவிட்டோம். "உங்களுக்கு வந்த கடிதம் பற்றி" என்று மட்டும் சொல்லி, நேரம் வேண்டுமென்றால் 1, கேள்வி இருந்தால் 2, ஏற்கனவே செய்தாயிற்று அல்லது வேண்டாம் என்றால் 3 என்று பதில் அனுப்பச் சொன்னோம். பதில்களை நர்ஸே படிப்பார், எந்த நாள்களில் எந்த நேரத்தில் என்பதும் அதிலேயே இருந்தது. திங்கள் காலை பத்து மணி என்பதை மாற்றி, சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில், எல்லோருக்கும் ஒரே நாளில் போகாமல் பிரித்து அனுப்பினோம், போன் லைன் திணறாமல் இருக்க.

"புற்றுநோய்" என்ற சொல்லை எடுத்ததில் எங்களுக்குள் நிஜமான சண்டை. எங்கள் டாக்டர் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. எதற்கான பரிசோதனை என்று சொல்லாமல் ஒருவரை வரவழைப்பது ஏமாற்றுவது மாதிரி, தெரிந்து முடிவு எடுக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு என்றார். அவர் சொன்னதில் எனக்கு இன்றும் பாதி உடன்பாடுதான், ஆனால் அந்தப் பாதி முக்கியமான பாதி. கடைசியில் இப்படி முடிந்தது: கடிதத்தில் எல்லாம் இருக்கும், நன்மையும் தொந்தரவும், தேவையில்லாமல் மேற்பரிசோதனைக்குப் போக வேண்டிவரலாம் என்பது உட்பட. குறுஞ்செய்தி கடிதத்தை மட்டும் நினைவுபடுத்தும். 2 அனுப்பிக் கேட்கிறவர்களுக்கு மறைக்காமல் முழுதாகச் சொல்லப்படும்.

நிர்வாகத்தின் கவலை வேறு. நர்ஸ் மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார் பார்ப்பது? வாரத்துக்கு இரண்டு தடவை, தலா ஒரு மணி நேரம் என்று பேரம் பேசி வாங்கினோம். பயம் காட்டுகிற வாசகமோ, "உங்கள் வயதில் இத்தனை பேர் வந்துவிட்டார்கள்" என்கிற மாதிரி வாசகமோ வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். வருகை குறைவாக இருக்கிற இடத்தில் மற்றவர்கள் வந்துவிட்டார்கள் என்றால் பொய், வரவில்லை என்று சொன்னால் நீங்களும் வர வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

அனுப்புவதற்கு முன்னால் பட்டியலைச் சுத்தம் செய்ததுதான் அலுப்பான வேலை. கர்ப்பப்பையும் அதன் வாயும் அகற்றப்பட்டவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், ஏற்கனவே மேற்பரிசோதனையில் இருப்பவர்கள், எண் மாறியவர்கள். இவர்களுக்குத் தப்பாகப் போகிற ஒரு மெசேஜ் செய்கிற காயத்தை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

"எனக்கு ரொம்ப வலிக்கும்" என்று எழுதியவர்

அவருக்கு 27 வயது, அழைப்பு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்டு நர்ஸ் எழுதியதற்கு எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி: "சிஸ்டர், போன்ல பேச வேண்டாம், இதுலயே கேக்கலாமா?"

கேட்டார். ஆறேழு வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் ஒரு உள்பரிசோதனையைப் பாதியில் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் முடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நர்ஸும் கேட்கவில்லை. நர்ஸ் எழுதியது எல்லாம் சின்னச் சின்ன விஷயம்: ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்க வைக்கிற கருவி) ஒரே அளவில் இல்லை, சின்னது உண்டு. விருப்பம் என்றால் நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்தும் எடுக்கலாம். கூட யாரையாவது அழைத்து வரலாம். "நிறுத்துங்க" என்று சொன்ன வினாடி நிறுத்துவேன், ஏன் என்று கேட்கமாட்டேன். முதல் தடவை வந்து அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அறையை மட்டும் பார்க்கத்தான் முதலில் வந்தார். அடுத்து எடுத்த அப்பாயின்ட்மென்ட்டை, மாதவிடாய் வந்துவிட்டது என்று ரத்து செய்தார். பழைய முறையாக இருந்தால் அவர் "வராதவர்" பட்டியலுக்குத் திரும்பிப் போயிருப்பார். இந்தத் தடவை முந்தின நாள் போகிற நினைவூட்டலுக்கு அவரே பதில் போட்டதால், அதே பேச்சில் வேறு தேதி கிடைத்துவிட்டது. மூன்றாவதாக வந்தபோது இரட்டை நேரம் ஒதுக்கியிருந்தோம். நடுவில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னார், நர்ஸ் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடரலாம் என்றார். மாதிரி எடுக்க ஆன நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

அப்புறம் நடந்தது

இங்கேதான் மறுபடி சறுக்கினோம். அழைக்கிற செய்தியை அவ்வளவு யோசித்து மாற்றிய நாங்கள், முடிவைச் சொல்கிற செய்தியைத் தொடவே இல்லை. அது ஆய்வகத்திலிருந்து முடிவு வந்ததும் தானாகவே போகிற பழைய வாசகம். அவருக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போயிருக்கிறது: எச்பிவி உள்ளது, செல் மாற்றம் இல்லை, ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. மருத்துவமாகப் பார்த்தால் பதற வேண்டிய முடிவே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸ் ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும், அப்படி விரட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு வருடம். ஆனால் ராத்திரி தனியாக உட்கார்ந்து அந்த மூன்றெழுத்தை இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது இது பாலுறவால் பரவுவது என்பதும், புற்றுநோய் என்பதும்தான்.

சனி, ஞாயிறில் அவர் நான்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். அதில் ஒன்று, "யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு தெரியுமா சிஸ்டர்?" திங்கள்கிழமை காலையில் நர்ஸ் முதல் வேலையாக, அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போன் செய்தார். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பல வருடம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டுக்கூட இப்போது பரிசோதனையில் தெரியலாம், இதை வைத்து யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம்மா என்று விளக்கினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம்.

அடுத்த வருடம் எங்கள் நினைவூட்டல் போன அன்றே 1 என்று பதில் வந்தது. வந்து போனார். அந்த முடிவு அவருடைய விஷயம், இங்கே எழுதப்போவதில்லை.

மற்றபடி, மொத்த வருகை கூடியது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. 2 என்று பதில் போட்டவர்களில் கணிசமானவர்கள் பிற்பாடு வந்தார்கள், சிலர் எல்லாம் தெரிந்துகொண்டு வேண்டாம் என்றார்கள். அதையும் ஒரு முடிவாகவே பதிவு செய்தோம், அவர்களைத் துரத்தவில்லை. எதற்குமே பதில் போடாதவர்கள் அப்படியே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்த முறை எனக்கு எதுவுமே கற்றுத்தரவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்

ஒரு செய்தி வெளியே போகிறதென்றால் அதற்கு வருகிற பதில் எங்கே விழும், யார் படிப்பார் என்பதை முதல் நாளே கேட்பேன். முடிவு சொல்கிற வாசகத்தை அழைப்பு வாசகத்துக்கு முன்னால் எழுதுவேன், வெள்ளி சாயங்காலத்துக்கு மேல் எந்த முடிவும் போகாதபடி நிறுத்திவைப்பேன் (இதை இப்போது செய்துவிட்டோம்). தானே மாதிரி எடுத்துக்கொள்கிற வசதியும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து தகுதியுள்ள எல்லோருக்கும் அந்தத் தேர்வு உண்டு. அப்போது எங்களிடம் அது இல்லை. இருந்திருந்தால் அந்த 27 வயதுப் பெண்ணுக்கு மூன்று வருகையும் அத்தனை தயக்கமும் தேவைப்பட்டிருக்காது என்று நர்ஸே சொல்கிறார். மாதிரியில் எச்பிவி இருந்தால் செல்களைப் பார்க்க நேரில் ஒரு தடவை வரத்தான் வேண்டியிருக்கும், ஆனால் முதல் படி வீட்டிலேயே முடிந்திருக்கும்.

இன்னொன்று, நாங்கள் இன்னும் தீர்க்காதது. மொத்த ஏற்பாடும் ஒரே ஆளின் தலையில் நிற்கிறது. போன மாதம் நர்ஸ் இரண்டு வாரம் லீவில் இருந்தார். பெட்டியைப் பார்க்கச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்திருந்தோம், அவருக்கு வார்டில் ஆள் குறைவு, பார்க்கவில்லை. நர்ஸ் திரும்பி வந்து திறந்தபோது "லேடி டாக்டர் இருப்பாங்களா?" என்று ஒரு புதிய எண்ணிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றே பதில் போட்டார். இதை எழுதுகிற இன்று வரை அந்த எண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை.